முதல் பெயர் பதில் சொல்லும்வரை

எந்த விமானத்தை எந்த பைலட் ஓட்டுவது என்று பட்டியல் போடும் ரோஸ்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, பைலட்டுகளிடம் போனில் பேசுவது எப்படி என்று ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். போனில் பேசுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எனவே வகுப்பில் சொல்ல முடியாத ஒன்றை எழுதித் தருகிறேன். வழக்கமாக இப்படி எழுதுகிறவர்கள் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. ஆனால் இந்தப் பிரிவில் என்னைவிடப் பழைய ஆள் யாரும் மிச்சமில்லை. இரண்டு நிறுவனங்களும் இணைந்த பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மாதக் கடைசியில் நானும் வேறு பிரிவுக்குப் போகிறேன். அதுவரை மூத்தவன் நான்தான்.

என்னைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், அது இந்தக் கதைக்குத் தேவை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் வளர்ந்தேன். ரேஷன் கடைப் பலகையிலிருந்து மின்வாரிய நோட்டீஸ் வரைக்கும் வீட்டில் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். நான் தப்பாகப் படித்தால் அப்பா நின்ற வரிசை வீண். அதனால் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்கும் பழக்கமும், எழுதியிருப்பதை நம்பும் பழக்கமும் வந்துவிட்டன. அலுவலகத்தில் இரண்டையும் ஒரு குறைபாடாகவே கருதினார்கள்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

நம் பழைய நிறுவனம் சிறியது. இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானங்கள்தான் நம்மிடம் இருந்தன. அலுவலகத்தில் அவற்றைக் காத்தாடி என்போம். பயணிகள் குறைந்த காலத்தில் காத்தாடிகளை நிறுத்திவைத்து, நம் பைலட்டுகள் எல்லோரையும் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். வேலை இருக்கும், நாற்காலி இருக்கும், சம்பளம் இருக்காது. சீக்கிரம் கூப்பிடுகிறோம் என்று சொன்னார்கள். கூப்பிடுவதற்குள் பெரிய நிறுவனம் நம்மை வாங்கிவிட்டது. வாங்கியது என்று சொல்லக் கூடாது, இணைந்தது என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

இணைந்ததும் இரண்டு சீனியாரிட்டி லிஸ்ட்டையும் ஒன்றாக்கினார்கள். இந்தத் தொழிலில் ஒரு பைலட்டுக்கு எந்த விமானம், எந்த இருக்கை, எவ்வளவு சம்பளம் என்பதை அவருடைய திறமை முடிவு செய்வதில்லை, லிஸ்ட்டில் அவர் நிற்கும் இடம் முடிவு செய்கிறது. அவர்கள் ஆட்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு. நம் ஆட்களுக்கும் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு, ஆனால் விடுப்பில் இருந்த காலம் கழிக்கப்படும். கழித்தால் லிஸ்ட்டில் கீழே போவார்கள். கீழே போனால் சம்பளப் படியும் கீழே போகும். அதே விமானம், அதே இருக்கை, அதே வானம். படி மட்டும் கீழே.

அடுத்து, காத்தாடிகள் வாடகை விமானங்கள். அவற்றின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். வைத்துக்கொள்கிறீர்களா, திருப்பித் தருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். அதை முடிவு செய்ய ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம். இப்படி முடிவு செய்கிறவர்கள் விமானத்தைப் போய்ப் பார்ப்பார்கள் என்று சேர்ந்த புதிதில் நான் நினைத்திருந்தேன். அவர்கள் ஒரு எண்ணைத்தான் பார்ப்பார்கள். விடுப்பில் இருக்கும் கேப்டன்களில் எத்தனை பேர் காத்தாடிக்குத் திரும்பி வருவார்கள்? போதுமான அளவு வந்தால் விமானம் இருக்கும், வராவிட்டால் போகும்.

பைலட்டுகளோ, காத்தாடி இருக்குமா போகுமா என்று தெரிந்தால்தான் வருவதாகச் சொல்வார்கள். விமானம் இருக்காது என்று பைலட் யோசிப்பார். பைலட் வரமாட்டார் என்று விமானத்தை அனுப்பிவிடுவார்கள். நடுவில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நம் பிரிவு.

அழைப்பதற்கு விதி உண்டு. லிஸ்ட்டில் மேலே இருப்பவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொன்ன பிறகுதான் அடுத்தவர். பதில் சொல்ல ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம். ஆமாம் என்றால் வேலை. வேண்டாம் என்றால் திரும்பி வரும் உரிமை போய்விடும். பேசாமல் இருந்தால், ஒரு வாரம் முடிந்ததும் அதுவும் வேண்டாம்தான். பெரும்பாலானவர்கள் போனிலேயே பதில் சொல்லிவிடுவார்கள் என்பதால், எல்லோரும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பெயருக்குப் போன் செய்தேன். அவர் கேப்டன் சாதிக். ராயப்பேட்டைக்காரர். பழைய நிறுவனத்தில் நம்பர் ஒன். புதிய லிஸ்ட்டில் அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கம் புரட்ட வேண்டும். விடுப்பில் போனவர்களில் மட்டும் இன்னும் அவர்தான் முதல்.

நம் பழைய அலுவலகம் தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அது ஆடி மாதம். நான் போனில் அழைப்பு வாசகத்தை வாசிக்க, கீழே கடையின் ஒலிபெருக்கி ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. உரையாடல் எல்லாம் பதிவாகும். எனவே அதுவும் பதிவானது.

"கேட்டுட்டேன்" என்றார் கேப்டன்.

"ஆமா, இல்லைன்னு ஒரு பதில் சொல்லணும் கேப்டன்."

"கேட்டுட்டேன்னேன்ல."

"சரி கேப்டன்."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"வெச்சிடட்டா?"

செவ்வாய்க்கிழமை மறுபடி.

"நேத்து கேட்ட அதே கேள்விதானே?"

"அதேதான் கேப்டன்."

"அப்ப நேத்து சொன்ன அதே பதில்."

"நேத்து நீங்க பதில் சொல்லலியே கேப்டன்."

"அதான்."

புதன்கிழமை அவர் என் அப்பாவின் முட்டிவலிக்கு ஒரு தைலம் சொன்னார். பதில் சொல்லவில்லை.

அவர் திரும்பி வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். குடும்பத் தொழிலில் நன்றாக இருந்தார். மேலும் அவரிடம் பயிற்சி எடுத்துவிட்டு முன்பே பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்ட பையன்கள் புதிய லிஸ்ட்டில் அவருக்கு மேலே இருந்தார்கள். மானமுள்ள மனிதர் யாரும் அந்த இடத்துக்குத் திரும்பமாட்டார். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? அதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

அதே லிஸ்ட்டின் கடைசிப் பெயர் ஜெசிந்தா. சாந்தோமைச் சேர்ந்த கோ-பைலட். இயற்பியல் படித்துவிட்டு விமானம் ஓட்ட வந்தவர். விடுப்பு காலத்தில் வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். கேப்டனுக்குப் போன் செய்வது நான். எனக்குப் போன் செய்வது ஜெசிந்தா. தினமும் மாலையில் டியூஷனுக்கு நடுவே அழைப்பார்.

"வேலு, இன்னிக்கு என்ன தள்ளுபடி?" என்பார் முதலில். ஒலிபெருக்கி அவருக்கும் கேட்கும்.

"பாவாடை சட்டைக்கு."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. லைன் நகருதா இல்லையா?"

"நகரல."

"சரி."

இப்படி முடித்துவிடுவார். புதன்கிழமை முடிக்கவில்லை. பின்னால் ஒரு பையன், "மிஸ், ஏரோப்ளேன் ஓட்டறவங்க எதுக்கு மிஸ் எங்களுக்குக் கப்பி கணக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டான். "வாய மூடிக்கிட்டு விசைய எழுதுடா" என்று அவனை அடக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மா வேலை பார்த்த ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர் போஸ்ட். பர்மனென்ட். பி.எட். அப்புறம் முடிச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. எங்க பங்குச் சாமியார் வரைக்கும் பேசி வெச்சிருக்காங்க அம்மா. வெள்ளிக்கிழமை ஸ்கூல் விடறதுக்குள்ள ஆமாவா இல்லியான்னு சொல்லணும். ஆமான்னு சொல்லிட்டு, அப்புறம் நீங்க கூப்பிட்டீங்கன்னு நடு வருஷத்துல விட்டுட்டுப் போனேன்னா அம்மா அந்தத் தெருவுல நடக்க முடியாது."

"புரியுதுங்க."

"இல்லைன்னு சொல்லி, நீங்களும் கூப்பிடலேன்னா எனக்கு ரெண்டும் இல்ல. லைசென்ஸுக்கு வேண்டிய பயிற்சியும் இந்த வருஷத்தோட காலாவதி. கையில இருந்து கட்டி மறுபடி எடுக்க நம்மால ஆகாது. புரியுதா வேலு?"

"புரியுதுங்க."

"காத்தாடி இருக்குமா, போயிடுமா?"

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது. தெரியாது என்று மட்டும் சொன்னேன். அவர் நான் மறைப்பதாக நினைத்தார். இந்த வேலையில் உங்களுக்கு அடிக்கடி நேரப்போவது இதுதான்: உண்மையிலேயே தெரியாத ஒன்றை நீங்கள் தெரியாது என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் உங்களை மரியாதையாக வெறுப்பார். பழகிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலையில் எங்கள் மேலாளர் என்னை அழைத்தார். மயிலாப்பூர்க்காரர், நல்ல மனுஷி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கெட்ட செய்தியை ஊறுகாய் பரிமாறுவது மாதிரி ஓரமாக வைப்பார்.

"வேலு, நாளைக்கு மீட்டிங். நம்ம கையில ஒரு கேப்டன் கூட இல்ல. சைபரைத் தூக்கிண்டு நான் எப்படிப் போவேன்?"

"முதல் ஆள் இன்னும் பதில் சொல்லல மேடம்."

"பதில் சொல்லலேன்னா என்ன அர்த்தம்?"

"இன்னும் நாலு நாள் டயம் இருக்குன்னு அர்த்தம் மேடம்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதியில இன்னொண்ணும் இருக்கோன்னோ? மூணு தடவை போன் பண்ணி ஆள் கெடைக்கலேன்னா, தொடர்புகொள்ள முடியலேன்னு போட்டுட்டு அடுத்தவாளுக்குப் போலாம்."

"இருக்கு மேடம்."

"மூணு தடவை பண்ணியாச்சோன்னோ?"

"மூணு தடவையும் எடுத்தார் மேடம்."

"எடுத்தார். என்ன பேசினார்? தைலம் பேசினார். ஒரு கார்யமும் ஆகல. நேக்கு ஆத்துல அதையே நெனச்சுண்டு தூக்கமே வரல. அத்தன பேரோட பொழப்பு அவர் ஒருத்தர் வாய்ல மாட்டிண்டிருக்கு. கெடைக்கலேன்னு போட்டா யாருக்கு நஷ்டம்? அவர் எப்படியும் வரப்போறதில்ல."

தவறாகச் சொல்லவில்லை. நான் அதை இன்றும் ஒத்துக்கொள்கிறேன். ஒருவர் எப்படியும் விடப்போகும் உரிமையை ஒரு கட்டத்தில் டிக் செய்து எடுத்துவிட்டால், கீழே இருக்கும் அத்தனை பேருக்கும் கதவு திறக்கும். ஜெசிந்தாவுக்கும் திறக்கும். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து, கணினியில் அந்தக் கட்டத்தைத் திறந்து உட்கார்ந்தேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்று அதில் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம்.

கீழே ஒலிபெருக்கி வேட்டிக்கு வந்திருந்தது. இதை வீரமாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்தச் சதுரத்தை அழுத்த வரவில்லை, அவ்வளவுதான். தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. எனக்கு முடிந்தது. என் அப்பாவின் முட்டிவலி வரைக்கும் தொடர்புகொண்டேன்.

மேலாளரிடம் போய், நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"நேர்ல போலாம்னு விதி இருக்கா?"

"கூடாதுன்னு இல்ல மேடம்."

"சாப்டுட்டுப் போ" என்றார்.

ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்து. பெரிய கதவு போட்ட கிடங்கு. உள்ளே ஆள் உட்கார்ந்து குளிக்கும் அளவுக்குத் தேக்சாக்கள். கல்யாண பிரியாணிக்கு வாடகைக்கு விடும் பாத்திரங்கள். அவருடைய தாத்தா காலத்துத் தொழில். கேப்டன் லுங்கியும் வெள்ளை பனியனுமாக ஒரு தேக்சாவைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். விமானம் கிளம்புவதற்கு முன் பைலட் அதைச் சுற்றி வந்து பார்ப்பாரே, அதே நடை. கைப்பிடியை ஆட்டினார். அடியைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "ம்" என்றார். அதற்குப் பிறகுதான் கூலியாள் அதை வண்டியில் ஏற்றினார்.

அம்மன் கோயில்காரர் ஒருவர் கூழ் காய்ச்சப் பாத்திரம் கேட்டு நின்றிருந்தார்.

"நைனா, அந்தப் பெர்சு கீதே, அத்த குடு."

"அது கறி தேக்சா. கோயிலுக்கு மஞ்ச பெயிண்ட் அடிச்சதுதான் குடுப்பேன். அது ரெண்டுதான் கீது, ரெண்டும் வெளிய போயிருக்கு. சாயங்காலம் வரும்."

"கழுவிக்கினா போச்சு நைனா. ஆத்தா இன்னா மோந்தா பாக்கப் போவுது?"

"ஆத்தா பாக்காது. நான் பாப்பேன்ல. சாயங்காலம் வா."

கோயில்காரர், "இன்னாபா இது, சாமிகிட்டயே ரூல் பேசறாரு" என்று என்னிடம் புகார் சொல்லிவிட்டுப் போனார். கேப்டன் வளைந்து கொடுக்கிற ஆள் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இன்னா தம்பி, ஆபீஸ்ல ஏசி வேல செய்யலயா? இவ்ளோ தூரம் வந்துகிற" என்றார் கேப்டன்.

கவிழ்த்துப் போட்ட தேக்சா ஒன்றில் உட்காரச் சொன்னார். அவர் மனைவி பர்வீன் அக்கா உள்ளிருந்து டீ கொண்டு வந்தார். நான் வழியில் நிறையத் தயாரித்திருந்தேன். கம்பெனியின் நிலை, விமானங்களின் வாடகை, சக பைலட்டுகளின் குடும்பம். ஒன்றும் வாயில் வரவில்லை.

"கேப்டன், உங்களத் தொடர்புகொள்ள முடியலேன்னு போடச் சொல்றாங்க" என்றேன்.

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "போட்டுட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"நீங்கதான் போன எடுத்தீங்களே கேப்டன்."

நான் கிண்டல் செய்கிறேனா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு டீயைக் குடித்து முடித்தார்.

"வேணாம்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும் தம்பி. ஆனா வேணாம்னு எத்த சொல்றது? அந்த லிஸ்ட்டுல என் பேருக்கு எதிர்ல ஒரு நம்பர் போட்டுக்கிறாங்க பாரு, அந்த நம்பர்ல நின்னுக்கிட்டுத்தான் சொல்லணும். சொன்னேன்னா, அந்த நம்பர நான் ஒத்துக்கினேன்னு ஆயிடும். நானா லீவு கேட்டேன்? அனுப்பினது அவங்க. அனுப்பிட்டு, அந்த வருசத்தயும் கழிச்சுக்கினா இன்னா நாயம்? என்கிட்ட லேண்டிங் கத்துக்கினவன் இன்னிக்கு எனக்கு மேல. அவன் நல்லாத்தான் ஓட்டுவான், அது வேற. ஆனா எனக்கு மேல எப்படி?"

"வேணும்னும் சொல்லலியே கேப்டன்."

"அதே நம்பர்லதானே அதயும் சொல்லணும்?"

"மூணு வேளையும் இதான்பா" என்றார் பர்வீன் அக்கா, காலி டம்ளரை எடுத்தபடி. "எழுந்தா லிஸ்ட்டு, உக்காந்தா லிஸ்ட்டு. போன வாரம் கல்யாண வூட்ல மாப்பிள்ளகிட்ட போய் சீனியாரிட்டி பேசிகினு இருக்காரு. வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் பேசறதுக்கு இன்னா கீது இந்த மனுசனுக்கு?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் சும்மா இல்ல."

கேப்டன் எழுந்து கிடங்கில் ஒரு நடை போய்விட்டு வந்தார். என்னிடம், "எனக்குக் கீழ யாரு யாரு?" என்றார்.

அதை நான் சொல்லக் கூடாது. விதி. அப்படியே சொன்னேன்.

"நீ சொல்ல வேணாம். எனக்கு மனப்பாடம்" என்று அவரே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போல. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறிப்பு. இவன் எதுக்கும் என்னக் கேட்டுட்டுத்தான் வருவான். இவன் துபாய் போயிட்டான், வரமாட்டான். இவனுக்கு மூணு பொண்ணு, வருவான். கடைசியில், "அந்த சாந்தோம் பொண்ணு. லேண்டிங்ல மூக்கக் கொஞ்சம் சீக்கிரம் எறக்கும். சொன்னா திருத்திக்கும்" என்றார். பிறகு நிறுத்தினார். ஜெசிந்தாவின் பள்ளிக்கூடத்தைச் சொல்லியிருக்கலாம். இரக்கம் காட்டச் சொல்லிக் கேட்டதாக ஆகிவிடும். அவருக்கும் பிடிக்காது, ஜெசிந்தாவுக்கும் பிடிக்காது.

"ஒரு விசயம் கேக்கறேன், படிச்சுட்டுத்தான் வந்திருப்ப" என்றார். "நம்பர் தப்புன்னு மனு குடுக்க யாருக்கு உரிமை கீது?"

"சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கு."

"வேணாம்னு சொன்னவனுக்கு?"

"கிடையாது கேப்டன்."

"பதிலே சொல்லாம வாரம் போச்சுன்னா?"

"கிடையாது."

இதை அவர் முன்பே அறிந்திருக்கவில்லை என்று நான் நம்பவில்லை. தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்பதற்கும் சிலருக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது.

"வெளிய நின்னு சண்ட போட்டா அது தேக்சாக்கடைக்காரன் சண்ட" என்றார். "உள்ள போய்த்தான் போடணும். ஆமான்னு போட்டுக்க."

வேண்டாம் என்ற பதிலை எழுதுவதற்காகத்தான் போயிருந்தேன்.

"கேப்டன், சம்பளப் படி..."

"தெரியும். சின்னப் பசங்க படி. போட்டுக்க."

"பாத்திரக் கடை?" என்றேன், தேவையில்லாமல்.

"நான் இன்னாத்துக்கு இருக்கேன்?" என்றார் பர்வீன் அக்கா. "மஞ்ச பெயிண்ட் எதுன்னு எனக்குத் தெரியாதா? அவர் போனா இங்க நிம்மதியா நாலு பாத்திரம் வெளிய போகும்."

ராயப்பேட்டையிலிருந்து தியாகராய நகருக்குப் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள், லிஸ்ட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். பைலட்டுகளுக்கு எப்போதும் தெரிந்துவிடும். இரண்டாவது கேப்டனுக்குப் போன் செய்து அழைப்பு வாசகத்தைத் தொடங்கும் முன்பே, "சாதிக் பாய் போறாருன்னா நானும் வர்றேன்" என்றார். மூன்றாமவர் துபாயிலிருந்து வேண்டாம் என்றார், வருத்தமாக. நான்காமவருக்கு மூன்று பெண்கள். அவருடைய மனைவி பின்னாலிருந்து, "ஆமா சொல்லுங்க, ஆமா சொல்லுங்க" என்று சொன்னது பதிவில் தெளிவாகக் கேட்கும். நான்கு நாட்களாக இறுகிக் கிடந்த வரிசை ஒரே மாலையில் ஓட ஆரம்பித்தது. சைபரோடு போக வேண்டியிருந்த எங்கள் மேலாளர் வெள்ளிக்கிழமை ஒரு கௌரவமான எண்ணோடு கூட்டத்துக்குப் போனார். போகும்போது என் மேஜையருகில் நின்று, "நான் நேத்து ஒண்ணும் சொல்லல" என்றார். "ஆமா மேடம்" என்றேன்.

அன்று மதியமே ஜெசிந்தா அழைத்தார். தள்ளுபடி பற்றிக் கேட்கவில்லை.

"லைன்?"

லைன் நகர்கிறதா என்பதைச் சொல்லக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. இரண்டு முறை தேடியிருந்தேன். "நகருது" என்றேன்.

"எங்கிட்ட வருமா?"

"தெரியாதுங்க."

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியாது. கூட்டம் நடக்குது. விமானத்த வெச்சுக்கலாம்னாலும் எத்தன வெச்சுக்குவாங்கன்னு தெரியாது."

"ஸ்கூல் விட இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சரி. ஸ்கூல்ல வேணாம்னு சொல்லிடறேன்."

"நான் அப்படிச் சொல்லலீங்க" என்றேன், பதறி.

"நீங்க ஒண்ணுமே சொல்லல வேலு. நல்லா பேசறீங்க, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க. நாந்தான் சொல்றேன்." வைத்துவிட்டார்.

அந்தப் பிற்பகலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர எனக்கு எதுவும் இல்லை. நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஒருவர் நிரந்தர வேலையை விட்டுவிட்டார். சொன்ன சொல் உண்மைதான். உண்மை என்பது அப்போது பெரிய ஆறுதலாக இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைத் திறந்து, மறுபடி மூடினேன்.

மாலையில் மேலாளர் திரும்பினார். "பாதி வெச்சுக்கறா. பாதியைத் திருப்பித் தரா" என்றார். "கேப்டன்கள் இல்லாம இருந்தா மொத்தமும் போயிருக்கும். எத்தன கோ-பைலட் வேணும்னு கணக்குப் போடு."

போட்டேன். கடைசி இரண்டு பேரைத் தவிர எல்லோரும் அதற்குள் பதில் சொல்லியிருந்தார்கள், வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டு மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். ஜெசிந்தாவுக்கு ஒரு பெயர் முன்னால் தேவை முடிந்துவிட்டது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஒரு பெயர் முன்னால்.

அந்தப் பெயர் ஒரு பையன், அடையாறில் வீடு. அவனையும் சேர்த்துத்தான் தேவை சரியாக இருந்தது. போன் செய்தேன். வாசகத்தைப் பாதி வாசித்திருப்பேன். யாரோ போனைப் பிடுங்கும் சத்தம்.

"யாருப்பா? ஏர்லைன்ஸா? அவன் பேங்க்ல சேந்துட்டான். பொண்ணு பார்த்தாச்சு. வரமாட்டான்னு எழுதிக்கோ."

"அம்மா, அவரே சொல்லணும்மா. பதிவாகுது."

"அவனே சொல்றான். சொல்லுடா."

"வரல சார்" என்றான் அவன். குரலில் ஏதோ இருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. அதற்கு விதியில் இடம் இல்லை, எனக்கும் அன்று தைரியம் இல்லை. ஒருவருடைய வேண்டாம், அடுத்தவருக்குக் கதவு. இந்த வேலையில் சந்தோஷப்படும்போது கொஞ்சம் மெதுவாகச் சந்தோஷப்படுங்கள்.

ஜெசிந்தாவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். வாசகத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தேன். எதையும் தாண்டவில்லை. விடுப்பில் இருந்த காலம் கழிக்கப்படும். சம்பளம் முதல் படியிலிருந்து. விமானம், காத்தாடி. இடம், ஒருங்கிணைந்த லிஸ்ட்டில் கடைசி.

"முதல் படியா?"

"முதல் படிதாங்க."

"ஸ்கூல்ல இதவிட நல்லாவே குடுப்பாங்க போலிருக்கே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை, பதிவாகிக்கொண்டிருந்தது.

"எனக்குக் கீழ யாரு?"

கீழே இருப்பவர் யார் என்று சொல்லக் கூடாது. யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது என்று விதியில் இல்லை.

"யாரும் இல்லீங்க."

"அப்ப அடுத்த தடவ லீவுல அனுப்பறதுன்னா, முதல்ல நான்."

"ஆமாங்க."

கீழே கடை மூடும் நேரம். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். சாந்தோம் பக்கத்திலும் சத்தமே இல்லை. பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல.

"ஆமா, வர்றேன்" என்றார் ஜெசிந்தா. "என்னிக்கு ரிப்போர்ட் பண்ணணும்?"